கரி பூசிய டிரம்மும் கண்ணில் படாத பூட்டுகளும்

நம் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் போன் செய்தபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார். “ஹாஸ்டல் ரசம், வார்டன் விசில், ஸ்ட்ரைக்கு, இதெல்லாம் ஏற்கெனவே பத்துப் பேர் எழுதியாச்சு. நீ ஏதாவது சப்ஜெக்ட் எழுதுப்பா. இப்ப படிக்கிற பசங்களும் படிப்பாங்கல்ல.” சப்ஜெக்ட் என்றால், 1981-85 பி.ஃபார்ம் செட்டைச் சேர்ந்த எனக்கு மருந்தியல்தான். மருந்தியல் என்றால் எனக்கு நினைவு வருவது பாடப்புத்தகம் அல்ல, மாடி லேபில் சுற்றிக்கொண்டிருந்த கரி பூசிய டிரம்.

இன்றைய மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உலோக உருளை ஒன்று. அதன்மேல் வழவழப்பான வெள்ளைத் தாளைச் சுற்றி ஒட்டி, மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கறுப்பாக்க வேண்டும். புகை தடித்தால் ஊசி இழுக்காது. மெலிந்தால் கோடு தெரியாது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் டைரோடு கரைசல், 37 டிகிரிச் சூடு, கீழேயிருந்து காற்றுக் குமிழ்கள். நடுவில் நூலில் தொங்குவது கினி எலியின் சிறுகுடல் துண்டு. மருந்தைச் சொட்டினால் குடல் சுருங்கும், நூல் இழுக்கும், நெம்புகோலின் முனை கரியைக் கீறிக்கொண்டு மேலே ஏறும். முடிந்ததும் தாளை அரக்குக் கரைசலில் முக்கி உலர்த்தி ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவோம். லேப் இருக்கும் நாளில் எங்கள் வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சலவைக்காரர் விட்ட பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது.

பரீட்சையில் லேபிள் இல்லாத ஒரு சின்ன பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள். உள்ளே இருப்பது அசிடைல்கொலினா, ஹிஸ்டமினா? இரண்டும் நிறமற்ற தண்ணீர் மாதிரி. இரண்டும் குடலைச் சுருக்கும். கோட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. வழி ஒன்றுதான். முதலில் அட்ரோபின் கொஞ்சம் விட்டுவிட்டுப் பாட்டில் மருந்தை விடு. குடல் சும்மா இருந்தால் அசிடைல்கொலின். அட்ரோபினையும் மீறிச் சுருங்கினால், மெபிரமின் விட்டுப் பார். இப்போது அடங்கினால் ஹிஸ்டமின். எங்கள் புரொஃபசர் சொல்வார்: “தம்பிகளா, நீங்க பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் கண்டுபிடிக்கல. குடலுக்குள்ள என்ன இருக்குன்னும் கண்டுபிடிக்கிறீங்க.” அப்போது அதை நாங்கள் ஒரு நல்ல வசனமாக நோட்டில் எழுதிக்கொண்டதோடு சரி. அதுதான் ஒரு நூற்றாண்டு விஞ்ஞானத்தின் முழுக் கதை என்பது பிறகுதான் புரிந்தது.

கதை 1905-ல் கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. லாங்லி என்ற உடலியல் பேராசிரியர் கோழியின் தசையில் நிகோடினை வைத்தார், தசை விறைத்தது. தென் அமெரிக்க வேடர்கள் அம்பு முனையில் தடவும் குராரே விஷத்தைப் பிறகு வைத்தார், விறைப்பு தளர்ந்தது. நிகோடின் நரம்பைத் தொடுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். லாங்லி நரம்பை வெட்டி, அது நசிந்துபோகும்வரை காத்திருந்து, மறுபடி வைத்தார். அப்போதும் தசை விறைத்தது. ஆக, தசையிலேயே மருந்தை ஏற்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அதே காலத்தில் ஜெர்மனியில் பால் எர்லிக் வேறொரு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். இருவரின் கருத்தும் சேர்ந்து ‘ரிசப்டர்’ ஆயிற்று. நம் தமிழில் ஏற்பி.

ஆனால் யாரும் அதைப் பார்த்ததில்லை. மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, பிரித்தெடுத்துப் பாட்டிலில் போடவும் வழியில்லை. பூட்டு இருப்பதற்கு ஒரே சாட்சி, சில சாவிகள் திருகின, சில சாவிகள் உள்ளே போய் அடைத்துக்கொண்டன என்பதுதான். ஏற்பி என்பது உண்மையான பொருளா, கணக்குக்காக வைத்துக்கொண்ட பெயரா என்ற சந்தேகம் பெரிய பெரிய ஆய்வாளர்களுக்கே பல பத்தாண்டுகள் இருந்தது. ஹென்றி டேல் 1914-ல் அசிடைல்கொலினின் வேலைகளை இரண்டாகப் பிரித்தார். காளானில் கிடைக்கும் மஸ்கரின் செய்வது போன்றவை ஒரு பக்கம், புகையிலையின் நிகோடின் செய்வது போன்றவை இன்னொரு பக்கம். ஒரு காளானும் ஒரு புகையிலையும் நம் உடம்பிலுள்ள ஏற்பிகளுக்குப் பெயர் வைத்த கதை இதுதான்.

அட்ரினலின்தான் எல்லோரையும் குழப்பியது. ஓர் இடத்தில் ரத்தக் குழாயைச் சுருக்கும், இன்னோர் இடத்தில் விரிக்கும். இதயத்தைத் துரத்தும், மூச்சுக்குழாயைத் தளர்த்தும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்பவர் மாதவிடாய் வலிக்குக் கருப்பையைத் தளர்த்தும் மருந்து தேடப் போனவர். அட்ரினலினும் அதன் உறவுக்கார வேதிப்பொருள்களுமாக ஆறை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பிலும் எது வலுவானது, எது மெலிந்தது என்று வரிசைப்படுத்தினார்.

நம் பாஷையில் சொன்னால் இப்படி: ஒரே ஆறு மாணவர்களுக்குப் பல ஹாலில் பரீட்சை வைக்கிறார்கள். கேள்வித்தாளை நமக்குக் காட்டவில்லை. ரேங்க் பட்டியல் மட்டும் வருகிறது. எத்தனை ஹாலிலிருந்து வந்தாலும் இரண்டே இரண்டு விதமான ரேங்க் வரிசைதான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் என்ன அர்த்தம்? கேள்வித்தாள் இரண்டுதான்! ரத்தக் குழாய் சுருங்கும் இடங்களில் அட்ரினலின் முதல் ரேங்க், ஐசோப்ரினலின் கடைசி. இதயம் துடிக்கும் இடத்திலும், தசை தளரும் பல இடங்களிலும் ஐசோப்ரினலின் முதல் ரேங்க். ஆல்க்விஸ்ட் இரண்டு ஏற்பிகள் என்றார். ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். மருந்தியல் துறையின் முக்கியமான பத்திரிகை அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1948-ல் அது உடலியல் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. பத்து வருஷம் அதை அநேகமாக யாரும் சட்டை செய்யவில்லை.

சட்டை செய்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். டாக்டருக்குப் படித்துவிட்டு, கடனை அடைக்கச் சம்பளம் தேடிக் கப்பலேறி, 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் பாடம் நடத்தியவர். நம் பக்கத்து ஆட்கள் பிழைக்கப் போன அதே ஊருக்கு அவரும் பிழைக்கத்தான் போயிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அவருடைய தந்தை, ஒரு சிறிய கார் விபத்தின் அதிர்ச்சிக்குப் பிறகு மாரடைப்பில் இறந்தவர். அது பிளாக்கின் மனதில் தங்கிவிட்டது. நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு ரத்தத்தை அதிகமாக்க எல்லோரும் மருந்து தேடினார்கள். பிளாக் திருப்பிப் போட்டு யோசித்தார்: இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன? பயத்திலும் பதற்றத்திலும் இதயத்தைத் துரத்துவது அட்ரினலின். அது திருகும் பூட்டு, ஆல்க்விஸ்ட் சொல்வது சரியென்றால், பீட்டா. அதை மட்டும் அடைக்க ஒரு சாவி வேண்டும்.

1958-ல் ஐ.சி.ஐ. கம்பெனியில் சேர்ந்தார். அதே ஆண்டு லில்லி கம்பெனியில், ஆஸ்துமாவுக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தைத் தேடியவர்கள் ஐசோப்ரினலினில் இரண்டு குளோரின் அணுக்களைப் பொருத்திய ஒரு பொருளைச் செய்து பார்த்து, அது தளர்த்துவதற்குப் பதில் தடுக்கிறது என்று அறிவித்தார்கள். பிளாக்குக்கும் அவருடன் வேலை பார்த்த வேதியியலாளர் ஸ்டீபன்சனுக்கும் அது நூல்முனை. முதலில் வந்த ப்ரொனெத்தலால் எலிகளில் கட்டி உண்டாக்கியதால் ஒதுக்கப்பட்டது. 1964-ல் ப்ரொப்ரனலால் வெளியானது. பீட்டா என்பது வெறும் எழுத்தல்ல என்று அப்போதுதான் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இதையெல்லாம் நான் மூன்றாம் வருஷத்தில் பத்து மார்க் கேள்விக்கு எழுதினேன். ‘ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது’ என்ற வரியை அடிக்கோடு போட்டு எழுதினேன். எட்டரை மார்க் கிடைத்தது.

1984 பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். என் ஊர் குயிலாப்பாளையம். அப்போது தென்னார்க்காடு மாவட்டம். 1993-க்குப் பிறகு விழுப்புரம் மாவட்டம். இன்று ஆரோவில் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்கும் கடைத்தெருவாகத் தெரிகிற ஊர், அன்று செம்மண்ணும் முந்திரித் தோப்பும்தான். அப்பாவுக்குத் தோப்புக் குத்தகை. மார்கழிப் பனியில் வருஷா வருஷம் அவருக்கு மூச்சு இழுக்கும். இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்தபடியே இருப்பார். விடிந்ததும் தோப்புக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் அதற்கு நோய் என்று பெயரே கிடையாது, ‘அப்பாவுக்குப் பனி சேராது’, அவ்வளவுதான்.

அந்த வாரம் தலைசுற்றல் என்று ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். பிரஷர் அதிகம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் போன அன்று மாலை சீட்டைக் காட்டினார். ப்ரொப்ரனலால்! படித்த பெயரைச் சொந்த வீட்டில் பார்த்த பெருமை எனக்கு. “நல்ல மருந்துப்பா, இதப் பத்திதான் பரீட்சையில எழுதினேன்” என்றேன். அம்மாவுக்கும் பெருமை. மூன்றாம் நாள் நடுராத்திரி அப்பாவால் பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து வீட்டு வேனில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டியூட்டி டாக்டர் சீட்டைப் பார்த்ததும், “இழுப்பு இருக்குன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டார். பேச்சு வந்ததும் அப்பா சொன்ன பதில்: “அவரு கேக்கல, நானும் சொல்லல.”

அவர்கள் இருவரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கேட்காமலே தெரிந்தவன், சொல்லாமலே தெரிந்தவன் அந்த வீட்டில் ஒருவன் இருந்தான். அடிக்கோடு போட்ட வரியும் என் தலையில்தான் இருந்தது, அப்பாவின் மார்கழி இருபது வருஷமாக என் காதில்தான் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அந்த டாக்டர் அமினோஃபிலின் ஊசியை மெதுவாக ஏற்றினார். ஏன் அது என்று பிறகுதான் யோசித்தேன். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் பூட்டைத்தான் ப்ரொப்ரனலால் அடைத்துக்கொண்டிருந்தது. அதே பூட்டுக்குள் போக வேண்டிய மருந்து அப்போது சரியாக எடுபடாது. அமினோஃபிலின் வேறு வழியாக உள்ளே போகிறது. எங்கள் லேபில் அட்ரோபின் விட்ட குடலில் அசிடைல்கொலின் எடுபடாமல் போவதும், ஹிஸ்டமின் தன் வழியில் வேலை செய்வதும் ஞாபகம் வருகிறதா? அதேதான். குடல் துண்டுக்குப் பதில் அப்பா.

இந்த ஆபத்துக்கு விளக்கம் 1967-லேயே வந்துவிட்டது. லாண்ட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் பதினைந்து அமீன்களை உறுப்பு உறுப்பாக வைத்து மறுபடி ரேங்க் போட்டார்கள். பீட்டா ஒன்றல்ல, இரண்டு. இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1, மூச்சுக்குழாயில் பீட்டா-2. ப்ரொப்ரனலாலுக்கு இந்தப் பேதம் தெரியாது, இரண்டையும் அடைத்துவிடும். உடனே இரண்டு பக்கமும் வேட்டை தொடங்கியது. பீட்டா-2-ஐத் தூண்டும் சால்புடமால் 1969-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பீட்டா-1-ஐ அதிகம் அடைக்கும் ப்ராக்டலால் 1970-ல் வந்தது. ஏற்பியைத் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்கார மருந்துதான், ஆனால் கண்ணையும் தோலையும் வயிற்றின் உள்சவ்வையும் கெடுத்ததால் சில வருஷங்களில் நிறுத்தப்பட்டது. ஒரு பூட்டை நன்றாகத் தேர்ந்தெடுக்கிற சாவி, வீட்டை இடிக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1976-ல் வந்த அடினலால் தாக்குப்பிடித்தது. அதுவும் அளவு கூடினால் மூச்சுக்குழாயையும் தொடும். ‘தேர்ந்து செயல்படும்’ என்றால் ‘அதை மட்டும்’ என்று அர்த்தமில்லை. ‘அதை முதலில்’ என்று அர்த்தம்.

அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். மூச்சுக்குச் சால்புடமால் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அப்பா கேட்டார்: “டேய், மூச்சுக்குக் குடுத்த மாத்திர எதுக்குடா கையப் போட்டு ஆட்டுது? டம்ளர் புடிக்க முடியல.” என் நாலு வருஷப் படிப்பில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பீட்டா-2 மூச்சுக்குழாயில் மட்டும் குடியிருக்கவில்லை, கைத் தசையிலும் இருக்கிறது. மருந்து தேர்ந்தெடுப்பது ஏற்பியைத்தான், உறுப்பை அல்ல. அப்பாவுக்கு நான் சொன்னது: “ஒரே சாவிக்கு நம்ம வீட்டுப் பூட்டும் தொறக்குது, பக்கத்து வீட்டுப் பூட்டும் தொறக்குதுப்பா.” “அப்ப பூட்டு செஞ்சவன்தான் சரியில்ல” என்று முடித்துவிட்டார்.

பிளாக் அதற்குள் அடுத்த பூட்டுக்குப் போய்விட்டிருந்தார். எங்கள் பரீட்சை பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். குடலில் ஹிஸ்டமினை அடக்கும் மெபிரமின், இரைப்பையில் ஹிஸ்டமின் சுரக்கவைக்கும் அமிலத்தை மட்டும் அடக்கவில்லை. அப்படியானால் இரைப்பையில் இருப்பது வேறு ஏற்பி. 1964-ல் தொடங்கி, சுமார் 700 பொருள்களைச் செய்து பார்த்து, 1972-ல் புரிமமைடு என்ற பொருளால் ‘எச்-2’ ஏற்பி இருப்பதை நிரூபித்தார்கள். அதற்கடுத்த மெட்டியமைடு சிலருக்கு ரத்த வெள்ளணுக்களைக் குறைத்தது. 1976-ல் சிமெட்டிடின் வந்தது. அல்சருக்குக் கத்தி வைப்பது அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு. ஆல்க்விஸ்ட் 1983-லேயே காலமாகிவிட்டார். 1976-ல் லாஸ்கர் பரிசை இருவரும் சேர்ந்து வாங்கியதோடு சரி.

‘எல்லாம் வெள்ளைக்காரன் கதையா இருக்கே’ என்று பின்பெஞ்சிலிருந்து குரல் கேட்கிறது. நம் சர்ப்பகந்தியை, சிவன் அமல்பொடி என்று நாட்டு மருந்துக் கடையில் சொல்வார்களே அதை, 1931-லேயே கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்து எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வகீல் அதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன் ரெசர்பின் ஏற்பியைத் தொடுவதில்லை, நரம்பு முனையின் கிடங்கையே காலி செய்கிறது. எனவே அது நம் கதைக்குப் பக்கத்து வீடு.

நம் கதைக்குள்ளேயே நிற்பது லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம். நித்ய ஆனந்தும் அவர் குழுவும் உருவாக்கிய சென்ட்குரோமன், ஸ்டீராய்டு அல்லாத கருத்தடை மாத்திரை. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரஜனின் ஏற்பியில் போய் உட்கார்ந்து, கருப்பையில் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. எலும்பிலோ அந்தச் சுரப்பைப் போலவே நடந்துகொள்கிறது. ஒரே பூட்டில் ஒரே சாவி, ஓர் அறையில் அடைக்கிறது, இன்னோர் அறையில் திறக்கிறது! இப்படிப்பட்ட மருந்துகளுக்கு ஒரு தனி வகைப் பெயர் உலக அளவில் புழக்கத்துக்கு வந்தது 1990-களில். நம்மவர்கள் பொருளைச் செய்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பு. 1991-ல் ‘சஹேலி’ என்று கடைக்கு வந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘சாயா’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கிப்போகும் பெண்களுக்கோ, கொடுக்கும் நம் பழைய மாணவர்கள் பலருக்கோ கூட இது லக்னோ சரக்கு என்று தெரியாது.

பிற்பாடு நடந்தது வேகமான கதை, சுருக்கமாகவே சொல்கிறேன். 1986-ல் பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைப் பிரித்துவிட்டார்கள். 1989-ல் பீட்டா-3 மரபணு வழியாக உறுதியானது. பட்டியல் நீள, ஆளுக்கொரு பெயர் வைக்கத் தொடங்கியதால் உலக மருந்தியல் சங்கம் 1987-ல் பெயர் சூட்டவே ஒரு கமிட்டி போட்டது. 2007-ல் பீட்டா-2-இன் வடிவத்தையே, அணு அணுவாக, படிகத்தில் பார்த்தார்கள். செல்லின் சவ்வை ஏழு முறை ஊசி நூல் போலக் கோத்துக்கொண்டு நிற்கும் புரதம். அந்த வேலைக்காக லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012-ல் நோபல். சாவிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆல்க்விஸ்டும் லாண்ட்ஸும் இருட்டில் தடவிப் போட்ட பிரிவுகள், பூட்டைக் கண்ணால் பார்த்தபோது அப்படியே நின்றன. பரீட்சை எழுதி அறுபது வருஷம் கழித்து விடைத்தாள் வந்த மாதிரி.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் மனித உடலில் சுமார் 800. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு இவற்றின் மேல்தான் வேலை செய்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போன மதன் பாபுவும் சகாக்களும் 2018-ல் காட்டியது, இதே ஏற்பிகள் ஆளுக்கு ஆள் எழுத்து மாறியிருக்கின்றன என்பது. அதாவது, அப்பா குறை சொன்ன பூட்டுக்காரன் ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் வேறு மாதிரிதான் பூட்டுச் செய்திருக்கிறான். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

அப்பா அதற்குப் பிறகும் பல மார்கழிகள் இருந்தார். எந்த டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே, “எனக்குப் பனி சேராதுங்க, மூச்சு இழுக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். பல்வலிக்குப் போனால்கூட.

டிரம்முக்கு வருகிறேன். 2010-களில் கல்லூரிப் பாடங்களில் விலங்குச் சோதனைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. எங்கள் ரெக்கார்டு நோட்டுகளுக்காக எத்தனை கினி எலிகள் போயின என்று அன்று எங்களுக்கு உறுத்தியதில்லை, இன்று உறுத்துகிறது. இப்போது மாணவர்கள் ‘எக்ஸ்ஃபார்ம்’ என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் சோதனை செய்கிறார்கள். அதை உருவாக்கியவர் ஜிப்மர் மருந்தியல் துறையின் ஆர். ரவீந்திரன். குயிலாப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான் ஜிப்மர். திரையில் குடல் சுருங்குகிறது, கோடு ஏறுகிறது, சட்டையில் கரி படுவதில்லை. லேபிள் இல்லாத பாட்டில் மட்டும் அதிலும் உண்டு. மருந்தின் பெயரைச் சொல்லாமல் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும்.

மாடி லேபைக் காலி செய்தபோது பழைய டிரம்களையெல்லாம் ஸ்டோரில் போட்டுவிட்டதாக அட்டெண்டர் அண்ணன் சொன்னார். அவற்றில் ஒன்றின் அடியில், 1983-ல் ஊசியால் என் ரோல் நம்பரைக் கீறி வைத்தேன். அதற்கு இரண்டு ரூபாய் அபராதமும் கட்டியிருக்கிறேன். சந்திப்பு அன்று ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கும் என்று மலர்க்குழு சொன்னால் உபயோகமாக இருக்கும்.